கல்முனைக் கொடியிலிருந்து உகந்தைக் குன்று வரை: ஒரு கரையோரத்தின் வழிபாட்டு மரபு

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்துக்கு வெளியூர்களிலிருந்து வருகின்றவர்களில் பெரும்பாலானோர் அறுகம்குடாவுக்கே வருகின்றனர். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆகிய ஊர்களை அவர்கள் வாகனத்தின் கண்ணாடி வழியே வெறும் கடைத்தெருக்களாகப் பார்த்துக்கொண்டு கடந்து போகின்றனர். சுற்றுலாக் கையேடுகளிலும் இந்த ஊர்களுக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. போரும் ஆழிப்பேரலையும் நடந்த இடங்கள் என்ற அளவில் மட்டுமே வெளியுலகம் எம்மை அறிந்து வைத்திருக்கின்றது.

நான் கல்முனைக்குடியில் பிறந்து வளர்ந்தவன். பெரியநீலாவணையில் தொடங்கி உகந்தை வரை நீளும் இக்கரையில் நூற்றாண்டுகளாகப் பேணப்பட்டு வரும் வழிபாட்டிடங்களை ஒரே கட்டுரையில் தொகுத்துத் தருவதே எனது நோக்கம். தமிழருடையவை, முஸ்லிம்களுடையவை என்று இரண்டு பட்டியல்களாக இவற்றைப் பிரிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. நான் அவ்வாறு பிரிக்கவில்லை. இவை ஒரே பாதையில், ஒரே கடலைப் பார்த்துக்கொண்டு, பெரும்பாலும் ஒரே வகையான ஊர் முறைமையால் நடத்தப்பட்டு வருபவை.

பாதையும் பின்னணியும்

இன்றைய அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டில்தான் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முன்னர் இக்கரை முழுவதும் மட்டக்களப்பின் தென்பகுதியாகவே கருதப்பட்டது. பழைய நூல்கள் "மட்டக்களப்பு" என்று குறிப்பிடும்போது இந்த ஊர்களையும் சேர்த்தே பேசுகின்றன. 1949இல் ஆரம்பமான கல்லோயாத் திட்டம் மேற்கே புதிய குடியேற்றங்களை உருவாக்கியது. கரையோரத்தில் மட்டும் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் பழைய ஒழுங்கு அப்படியே நிலைத்தது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று ஊடாகப் பொத்துவிலுக்குச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலை இந்த ஊர்களை மாலையில் கோத்த பூக்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துச் செல்கின்றது.

கிழக்கில் முஸ்லிம்களின் வரலாற்றைப் பேசும்போது 1626ஆம் ஆண்டு தவறாமல் குறிப்பிடப்படும். போர்த்துக்கேயர் தமது ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடமளித்தான். அவர்களில் 4,000 பேர் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றப்பட்டதாகப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவைறோஸ் எழுதியுள்ளார். அதற்கு முன்னரே இக்கரைக்கு வந்து வணிகம் செய்து, இங்குள்ள பெண்களை மணந்து வாழ்ந்தவர்களும் இருந்தனர். முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முக்குவருக்குத் துணை நின்ற பட்டாணியர் இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கினர் என்பது இரு சமூகத்தவரும் சொல்லி வரும் கர்ணபரம்பரைக் கதை. இக்கதை முழு வரலாறு அல்ல. ஆனாலும் இரு சமூகங்களும் தமக்கிடையிலான உறவை எவ்வாறு விளங்கி வைத்திருந்தன என்பதை அது எடுத்துக் காட்டுகின்றது.

கல்முனைக் கடற்கரைப் பள்ளி

கல்முனைக்குடியின் கடற்கரையில், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் கடற்கரைப் பள்ளிவாசல் அமைந்துள்ளது. இது நாகூரில் அடக்கமாகியுள்ள ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் எழுந்த இடம். அப்பெரியார் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவரது உடல் இங்கு இல்லை. நினைவிடம் மட்டுமே உண்டு.

உடல் இல்லாத தர்கா என்பது வெளியாருக்கு வியப்பாக இருக்கலாம். தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்களும் மாலுமிகளும் எங்கெல்லாம் கரையிறங்கினார்களோ அங்கெல்லாம் நாகூரார் பெயரில் இவ்வாறான நினைவிடங்களை எழுப்பினர். பினாங்கில் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்ட நாகூர் தர்கா 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகின்றது. கடல் வழியே பரவிய அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் எமது கடற்கரைப் பள்ளியும். நாகூரிலேயே மிக உயர்ந்த மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஓர் இந்து மன்னர் முஸ்லிம் பெரியாருக்குச் செய்த காணிக்கை அது.

ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் இங்கு கொடியேற்று விழா இடம்பெறுகின்றது. பன்னிரண்டு நாட்கள் மவுலூதும் துஆவும் நடைபெற்று, கந்தூரியோடு விழா நிறைவடையும். விழா நடத்துவோரின் கணக்கில் இது 200 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. பிறைக் கணக்கு என்பதால் ஆங்கில நாட்காட்டியில் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னோக்கி நகரும். வர விரும்புகின்றவர்கள் அவ்வாண்டுத் திகதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

சிறுவயதில் நான் பார்த்த கொடியேற்றத்தில் கூட்டம் முஸ்லிம்களோடு முடிந்துவிடுவதில்லை. நோய் தீரவும் பிள்ளை வரம் வேண்டியும் நேர்ச்சை வைத்த தமிழ்ப் பெண்கள் எண்ணெயும் பட்டும் கொண்டு வருவார்கள். கந்தூரிச் சோறு மதம் பாராமல் பகிரப்படும். இன்று எம் ஊர்களில் கொடியேற்றம் மார்க்கத்துக்கு உடன்பாடானதா என்ற விவாதம் உண்டு. அந்த விவாதத்துக்கு இக்கட்டுரையில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் வணங்குவது வேறு, வரலாற்றைப் பதிவு செய்வது வேறு. ஒரு வழக்கத்தை ஏற்காதவருக்கும் அதன் வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையை அடித்துச் சென்றது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000க்கும் மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மாத்திரம் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களின் கடலோர வீதிகள் முற்றாக அழிந்தன. கடற்கரைப் பள்ளியும் சேதமடைந்தது. பின்னர் திருத்தப்பட்டு, கொடி மீண்டும் ஏறியது.

பாண்டிருப்பு திரௌபதை அம்மன்

கல்முனை நகருக்கு வடக்கே, மருதமுனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்பு உள்ளது. "பாண்டவர் இருப்பு" என்பதே ஊரின் பெயராயிற்று என்பர். இந்தியாவிலிருந்து தாதன் என்பவர் திருவுருவங்களோடு வந்து இங்கு வழிபாட்டைத் தொடக்கி வைத்தார் என்பது ஆலய மரபு.

புரட்டாசியில் 18 நாட்கள் நடைபெறும் இவ்விழா மகாபாரதத்தை ஊர் முழுவதும் நடித்துக் காட்டும் ஒரு பெருநிகழ்வு. பதினெட்டு நாட்கள் என்பது பாரதப் போரின் நாட்கணக்கு. பாண்டவர்களாக வேடம் தரிப்போர் நோன்பிருந்து வனவாசம் செல்கின்றனர். அருச்சுனன் தவநிலை இடம்பெறுகின்றது. இறுதியில் தீமிதிப்பு நடக்கும். வேடம் போடுவது இங்கு நாடகப் பயிற்சியாகக் கருதப்படுவதில்லை. அது விரதம். யார் எந்தப் பாத்திரம் ஏற்பது என்பதிலும் ஊர் முறை உண்டு.

பாரதக் கதை சகோதரச் சண்டையில் தொடங்கி, வென்றவரும் அழும் இடத்தில் முடிகின்றது. முப்பது ஆண்டு போரைக் கண்ட ஒரு கரையில் அந்தக் கதையை ஆண்டுதோறும் நடித்துக் காட்டுவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

காரைதீவு கண்ணகையும் விபுலாநந்தரும்

சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே, இருபுறமும் முஸ்லிம் ஊர்கள் சூழ, காரைதீவு உள்ளது. வைகாசி மாதத்தில் கண்ணகை அம்மன் ஆலயத்தின் கதவு திறக்கப்பட்டு, ஒரு வாரம் சடங்குகள் நடந்து, திருக்குளிர்த்தியோடு நிறைவுறும். மதுரையை எரித்த கண்ணகியின் கோபத்தைத் தணித்து, நோயும் வெப்பும் ஊரை அண்டாமல் மழை வேண்டுவதே குளிர்த்தி.

இலங்கையின் கண்ணகி வழிபாட்டைக் கஜபாகு மன்னனோடு தொடர்புபடுத்துவது தமிழ், சிங்களம் இரு மரபுகளிலும் உண்டு. சிங்களவர் இதே தெய்வத்தைப் பத்தினி என வழிபடுகின்றனர். பூசை செய்கின்றவரைக் கிழக்கின் தமிழூர்களில் கப்புகனார், கப்புறாளை, கட்டாடியார் என்று ஊருக்கு ஊர் வெவ்வேறாக அழைப்பர். சிங்களத் தேவாலயங்களில் அவர் கபுரால. பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே உறவு புரியும்.

இச்சடங்கில் பாடப்படும் "கண்ணகி வழக்குரை" நீண்ட காலம் ஏட்டுச் சுவடியாக ஆலயங்களுக்குள் மட்டுமே இருந்தது. பண்டிதர் வி. சீ. கந்தையா அதைத் தேடித் தொகுத்து 1968இல் நூலாகப் பதிப்பித்தார். அவர் அதைச் செய்யாதிருந்தால், போரிலும் கடலிலும் எத்தனை ஏடுகள் தப்பியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுவாமி விபுலாநந்தர் 1892 மார்ச் 27 அன்று பிறந்ததும் இந்தக் காரைதீவில்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்ற பெருமை அவருக்குண்டு. பழந்தமிழ் யாழை ஆராய்ந்த அவரது "யாழ் நூல்" 1947இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில் அவர் மறைந்தார். சிலப்பதிகாரத்தின் இசைச் செய்திகளில் ஊறித் திளைத்த ஓர் அறிஞர், கண்ணகைக்கு ஆண்டுதோறும் பாட்டெடுக்கும் ஊரில் பிறந்தார் என்பதை நான் தற்செயலாகப் பார்ப்பதில்லை.

சம்மாந்துறையும் வீரமுனையும்

காரைதீவிலிருந்து மேற்கே திரும்பினால் வயல்வெளிகளைக் கடந்து சம்மாந்துறை வரும். "சம்பான்" என்னும் தோணிகள் வந்தடைந்த துறை என்பதால் இப்பெயர் என்பர். நெல்லுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பேர்பெற்ற முஸ்லிம் ஊர் இது. அதையொட்டியே தமிழ்க் கிராமமான வீரமுனை உள்ளது. இங்குள்ள சிந்தாயாத்திரைப் பிள்ளையார் ஆலயத்தின் கதையும் கடலோடுதான் தொடர்புடையது. சோழ நாட்டு இளவரசி சீர்பாததேவி கப்பலில் வந்தபோது கொண்டுவரப்பட்ட பிள்ளையாரே இங்கு கோயில் கொண்டார் என்பது சீர்பாத குலத்தவரின் மரபு.

தோணி வந்த துறையும் கப்பலில் வந்த பிள்ளையாரும் ஒரே வயல்வெளியின் இரு கரைகளில் இருக்கின்றன. இந்த அயல் எவ்வாறு குலைந்தது என்பதைப் பின்னால் சொல்கின்றேன்.

தம்பிலுவில், திருக்கோவில்

அக்கரைப்பற்றுக்குத் தெற்கே தம்பிலுவிலும் திருக்கோவிலும் அடுத்தடுத்து வருகின்றன. திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி ஆலயம் இப்பகுதியின் மிகப் பழைய முருகன் தலம். கொக்கட்டிச்சோலை, மண்டூர் ஆகியவற்றோடு சேர்த்து இதனைத் "தேசத்துக் கோயில்" என்பர். ஓர் ஊருக்கு மட்டும் உரியதாக இல்லாமல், பல ஊர்களும் குடிகளும் பங்கும் கடமையும் வைத்திருக்கும் கோயில் என்பது அதன் பொருள்.

தம்பிலுவிலில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு விஜயபாகு என்ற அரசனின் பத்தாவது ஆட்சியாண்டைக் குறிப்பிட்டு, சிவஞான சங்கரர் கோயிலுக்கு வழங்கிய கொடையைச் சொல்கின்றது. அதனை 16ஆம் நூற்றாண்டுக்குரியதாக ஆய்வாளர்கள் கொள்கின்றனர். சிங்கள அரசன் ஒருவனின் பெயரில் தமிழில் எழுதப்பட்டு, சைவக் கோயிலுக்கு உரிமை கொடுக்கும் கல் அது. இன்றைய எல்லைக்கோடுகளை வைத்துக்கொண்டு அந்தக் கல்லை வாசிக்க முடியாது.

ஆடி அமாவாசையன்று இங்கு சமுத்திர தீர்த்தம் நடைபெறும். தந்தையை இழந்தவர்கள் கடலில் நீராடிப் பிதிர்க்கடன் செலுத்துவர். இறந்தவருக்குச் செய்யும் கடன் இது. காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு இதுவே பெரும் இக்கட்டாகின்றது. கடன் செய்தால் இறப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும். செய்யாவிட்டால் கடமை தவறிய உறுத்தல் இருக்கும். இம்மாவட்டத்தில் உறவுகளைத் தேடி வீதியில் நின்ற குடும்பங்களின் போராட்டக் களங்களில் திருக்கோவிலும் ஒன்று என்பதை மறக்க முடியாது.

எங்கள் சமூகத்திலும் இதற்கு இணையான துயரம் உண்டு. 1990 ஜூலையில், இதே நெடுஞ்சாலையின் வடபகுதியில், குருக்கள்மடத்தில் முஸ்லிம் பயணிகள் கொல்லப்பட்டனர். அவர்களது உடல்களை அடையாளங்கண்டு மார்க்க முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என உறவினர்கள் இன்றுவரை கேட்டு வருகின்றனர். தீர்த்தம் ஆடவும் ஜனாஸா தொழவும் வழியில்லாத குடும்பங்கள் ஒரே பாதையில் வாழ்கின்றன.

பொத்துவில், பாணமை, உகந்தை

திருக்கோவிலுக்குத் தெற்கே கோமாரியைத் தாண்டினால் பொத்துவில். பெரும்பான்மையாக முஸ்லிம்கள் வாழும் இவ்வூரின் கரையில் முகுது மகா விகாரையின் இடிபாடுகள் உள்ளன. லகுகலையில் மகுல் மகா விகாரை உள்ளது. களனி இளவரசியும் துட்டகைமுனுவின் தாயுமான விகாரமகாதேவி கரையொதுங்கிய, மணமுடித்த இடங்கள் இவையெனப் பௌத்த மரபு சொல்கின்றது. வடக்கே உள்ளே அமைந்துள்ள தீகவாபித் தூபி கி.மு. 2ஆம் நூற்றாண்டுச் சத்தாதீசனோடு தொடர்புபடுத்தப்படுகின்றது. இவற்றை மறுத்து எம்மால் இக்கரையின் வரலாற்றை எழுத முடியாது. எழுதவும் கூடாது.

பாணமை தமிழரும் சிங்களவரும் கலந்து மணமுடித்து வாழும் ஊர். பத்தினித் தெய்வத்துக்காக இங்கு நடைபெறும் அங்கெலிய விளையாட்டும், தமிழூர்களின் கொம்பு முறி விளையாட்டும் ஒன்றே. இரு அணிகள் கொம்புகளைக் கோத்து இழுத்து முறிக்கும். முறிந்த அணியை மற்ற அணி கேலி செய்யும். பிறகு எல்லோரும் ஒன்றாகத் தெய்வத்திடம் போவார்கள்.

பாணமைக்கு அப்பால், குமண சரணாலயத்தின் வாயிலில், கடலோரக் கற்குன்றின் அடியில் உகந்தமலை முருகன் ஆலயம் உள்ளது. குன்றின் மேலே வள்ளியம்மன் சந்நிதியும் பாறைச் சுனைகளும் இருக்கின்றன. முருகன் வந்திறங்கிய ஓடமே கரையில் கல்லாய்க் கிடக்கின்றது என்பர். கதிர்காமப் பாதயாத்திரையில் காட்டுக்குள் நுழையுமுன் அடியார்கள் தங்கும் கடைசித் தலம் இது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் புறப்படும் யாத்திரை, மட்டக்களப்பு, கல்முனை, திருக்கோவில், பொத்துவில் ஊடாக இங்கு வந்து, யால காட்டைக் கடந்து கதிர்காமத்தை அடையும். கதிர்காமத்தில் ஆடிவேல் விழாக் காலத்தில் அங்குள்ள பள்ளிவாசலிலும் கொடி ஏறும்.

போர்க்காலத்தில் இந்த யாத்திரை தடைப்பட்டும் சிதறியும் போனது. இப்போது ஆண்டுதோறும் சில நாட்கள் காட்டுப்பாதை திறக்கப்படுகின்றது. முஸ்லிம் ஊர்களைக் கடக்கும்போது வீதியோரத்தில் யாத்திரிகர்களுக்குத் தண்ணீரும் தேநீரும் கொடுக்கும் கைகளை நான் பார்த்திருக்கின்றேன்.

எல்லாவற்றையும் பிணைக்கும் குடிமுறை

இந்த இடங்களை இவ்வளவு காலம் காத்தது எது? அரசர்களும் செல்வந்தர்களும் கொடுத்த கொடை ஒருபுறம். அதைவிடப் பெரியது குடிமுறை. மட்டக்களப்புத் தமிழரும் இக்கரை முஸ்லிம்களும் தாய்வழிக் குடிகளாகப் பகுக்கப்பட்டவர்கள். பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணமுடிப்பதில்லை. வீடு மகளுக்குச் சீதனமாகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவார். இஸ்லாமியச் சட்டமோ இந்து சாத்திரமோ இதைக் கட்டாயப்படுத்தவில்லை. இது இந்த மண்ணின் வழக்கம்.

கோயிலில் குடியின் சார்பாக வண்ணக்கர் இருப்பார். பள்ளியில் குடியின் சார்பாக மரைக்கார் இருப்பார். எந்த நாள் பூசை எந்தக் குடிக்கு, எந்த இரவுச் செலவு எந்தக் குடும்பத்துக்கு என்று கடமை பிரிக்கப்படும். பெயர்கள் வேறு, அமைப்பு ஒன்று. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்து 2008இல் வெளியிட்ட நூல் இந்த ஒற்றுமையை விரிவாக எடுத்துக் காட்டுகின்றது. வெளிநாட்டவர் ஒருவர் எழுதித்தான் எம்மில் பலர் எமது அயலவரின் குடிமுறையை அறிந்தோம் என்பது யோசிக்க வேண்டிய விடயம்.

1990 விட்டுச் சென்ற காயம்

1990ஆம் ஆண்டைப் பேசாமல் இங்குள்ள எந்த வழிபாட்டிடத்தையும் பேச முடியாது. ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓகஸ்ட் 12 அன்று வீரமுனைப் பிள்ளையார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். பிழைத்தவர்களின் சாட்சியம் முஸ்லிம் ஊர்காவல் படையினரையும் அரச படையினரையும் சுட்டுகின்றது. ஒன்றுக்கு மற்றது பதிலாகாது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கவும் முடியாது. இரண்டையும் ஒரே பந்தியில் எழுத முடியாதவர்கள் இக்கரையின் வரலாற்றை எழுத முடியாது என்பது எனது எண்ணம்.

வழிபாட்டிடம் என்றால் அடைக்கலம் என்ற பொதுநம்பிக்கை அந்த மாதத்தில் உடைந்தது. அதன் பின்னர் ஒருவர் விழாவுக்கு மற்றவர் போவது குறைந்தது. நேர்ச்சை கொண்டு வந்த பெண்களின் அடுத்த தலைமுறைக்கு வழி தெரியாமல் போயிற்று. கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரத்தில் 2019இல் உண்ணாவிரதம் வரை சென்ற இழுபறி, அந்த இடைவெளி இன்னும் மூடவில்லை என்பதைக் காட்டியது.

கல்லுக்குச் சட்டம் உண்டு, முறைக்கு இல்லை

இலங்கையின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டுக்குரியது. 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள், அதில் எல்லைத் திகதியாக வைக்கப்பட்டுள்ளது. அதற்கு முற்பட்ட கட்டடம் பழைமையானதாகக் கொள்ளப்படும். பிற்பட்டதற்குத் தனியான அறிவிப்பு வேண்டும். கல்முனைக் கொடியேற்றம் அந்த எல்லைக்குப் பிந்தியது. பாண்டிருப்பின் வனவாசமும் காரைதீவின் குளிர்த்தியும் கட்டடமே அல்ல. ஆகவே இச்சட்டத்தின் கண்ணுக்கு இவை தெரிவதில்லை.

2020 ஜூன் மாதத்தில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது, தொடக்கத்தில் நியமிக்கப்பட்டவர்களில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தின் மரபு எதுவெனத் தீர்மானிக்க அமைக்கப்பட்ட குழு அது. எதிர்ப்புத் தெரிவித்தோம். நியாயமான எதிர்ப்பு அது. ஆனால் எமது மரபு எது என்று எம்மிடம் கேட்டிருந்தால், கையில் கொடுக்க எழுதிய பட்டியல் எத்தனை ஊர்களிடம் இருந்தது?

அருவ மரபுகளைப் பாதுகாக்கும் யுனெஸ்கோ சாசனத்தை இலங்கை 2008இல் ஏற்றுக்கொண்டது. 2018இல் இலங்கையின் கயிற்றுப் பாவைக்கூத்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. சடங்கும் விழாவும் தொழில்நுட்பமும் மரபாகக் கணிக்கப்பட வழி உண்டு. அதற்கு முதற்படி, அவற்றைச் செய்கின்ற மக்களே பதிவு செய்வது.

இனி என்ன செய்யலாம்

எமக்கு முன்னோடிகள் உள்ளனர். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் "மட்டக்களப்பு மான்மியம்" பதிப்பித்தார். ஏ. ஆர். எம். சலீம் "அக்கரைப்பற்று வரலாறு" எழுதினார். இவர்கள் பெரிய நிறுவனங்களின் துணையோடு செய்யவில்லை.

ஒவ்வோர் ஊரிலும் ஐந்து விடயங்களையாவது எழுதி வைக்கலாம். எந்தக் குடிக்கு எந்த நாள் கடமை. பூசகர், வண்ணக்கர், மரைக்கார் ஆகியோரின் தலைமுறை வரிசை. விழாவில் ஓதப்படும், பாடப்படும் பாடங்களின் ஒலிப்பதிவு. பழைய கணக்குக் கொப்பிகள், உறுதிகள், படங்களின் பிரதிகள். அயலூரவர் முன்பு செய்துவந்த நேர்ச்சைகளும் உதவிகளும். இந்த ஐந்தாவதுதான் முதலில் அழியும், ஏனெனில் அதை நினைவில் வைத்திருப்போர் எழுபது வயதைத் தாண்டிவிட்டனர். எழுதியதை ஒரு பிரதி ஊரிலும், ஒரு பிரதி நூலகம் இணையத்தள எண்ணிம நூலகம் போன்ற பொது இடத்திலும் வைத்தால் இன்னொரு அலை வந்தாலும் தப்பும். புலம்பெயர்ந்த வாசகர்கள் பழைய விழாப் படங்களை வைத்திருந்தால் அவற்றையும் ஊரின் பெயரும் ஆண்டும் குறித்து அனுப்பி வையுங்கள்.

நேரில் பார்க்க வருகின்றவர்களுக்குச் சில குறிப்புகள். வைகாசியில் காரைதீவு, ஆடியில் திருக்கோவிலும் உகந்தையும், புரட்டாசியில் பாண்டிருப்பு, பிறை பார்த்துக் கல்முனை என்று திட்டமிடலாம். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை பேருந்து உண்டு. பாணமைக்கு அப்பால் சொந்த வாகனம் தேவைப்படும். ஆலயத்திலும் பள்ளியிலும் படமெடுக்குமுன் நிர்வாகத்திடம் கேளுங்கள். குளிர்த்தியின்போதும் தீமிதிப்பின்போதும் விரதகாரருக்கு வழி விடுங்கள்.

வரும்போது ஓர் ஊரோடு நின்றுவிடாதீர்கள். தமிழர் கடற்கரைப் பள்ளிக்கும் முஸ்லிம்கள் பாண்டிருப்பு வீதிக்கும் ஒருமுறையேனும் வாருங்கள். கும்பிடவோ தொழவோ தேவையில்லை. பக்கத்து ஊரில் என்ன நடக்கின்றது, யார் நடத்துகின்றார், எத்தனை காலமாக நடத்துகின்றார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனால் அதுவே போதும்.